ஒஷாவாவுக்குப் போய் வாங்கிய லைசென்ஸ்

டொரொண்டோவுக்குக் குடிவந்த முதல் நான்கு மாதங்களில் நானாக எங்கும் போகவில்லை. பஸ் கொண்டுபோனது, சப்வே கொண்டுபோனது, சப்வேயைப் பழுதுபார்க்க மூடிய ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குப் பதிலாக விட்ட பஸ் கொண்டுபோனது. மதுரையில் பதினைந்து வருஷம் கார் ஓட்டியவள் நான். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில், மாசி வீதி முனையில், ஒரு மாட்டு வண்டிக்கும் ஒரு தண்ணீர் லாரிக்கும் நடுவே ரிவர்ஸ் எடுத்துக் காட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் கையில் ஒரு பஸ் கட்டண அட்டையோடு, எங்கள் பகுதியான ஸ்கார்பரோவின் பஸ் ஸ்டாப்பில் மூக்கு ஒழுக நின்றேன்.

என் கணவர் சேகருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதில் அவருக்கு வெட்கமும் கிடையாது. மதுரையில் என் ஸ்கூட்டரின் பின்னால் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்து வேலைக்குப் போய் வந்தவர். இங்கே வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. பொழுது போகாமல் ஒன்டாரியோ மாகாணச் சாலை விதிப் புத்தகத்தை வரிக்கு வரி படித்து, என்னோடு எழுத்துத் தேர்வுக்கு வந்து, ஒரு கேள்விகூடத் தப்பாமல் தேறிவிட்டார். எனக்கு மூன்று தப்பு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் அவர் ஒரு பக்க எண் வைத்திருந்தார்.

இந்த ஊர் பஸ்ஸைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் சொல்கிறேன். வந்த முதல் வாரம் ஒரு காலி பஸ் நிற்காமல் போனது. அதன் நெற்றியில் 'மன்னிக்கவும், சேவையில் இல்லை' என்று விளக்கெழுத்து ஓடியது. நம் ஊரில் நிற்காமல் போகிற பஸ் சேற்றை அடித்துவிட்டுப் போகுமே தவிர மன்னிப்புக் கேட்காது. எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. மைனஸ் பதினெட்டில் மூன்றாவது பஸ்ஸும் அதே மன்னிப்பைக் கேட்டுக்கொண்டு போனபோது நான் மன்னிக்கவில்லை.

ஏறிவிட்டால் வேறு பிரச்சினை. இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்கிறார்கள். பள்ளிக்கூடப் பையன்கள்கூடச் சொல்கிறார்கள். நானும் சொல்லிப் பழகினேன். எங்கள் ஊரில் ஓடுகிற பஸ்ஸிலிருந்து முழுசாக இறங்கினால் சாமிக்குத்தான் நன்றி சொல்வோம்.

மார்ச் மாத நடுவில், பக்கத்து நகரமான மார்க்கத்தின் யூனியன்வில் பகுதியில் ஒரு வேலைக்கு நேர்காணல் வந்தது. ஊரில் நான் பிசியோதெரபிஸ்ட். இங்கே பரீட்சைகள் எழுதி முடிக்கும் வரை உதவியாளர். அதற்கு முன் போன இரண்டு நேர்காணல்களிலும் 'கார் இருக்கிறதா' என்ற கேள்வியோடு பேச்சு நின்றுபோயிருந்தது. நான்கு மாதமாக நான் பிடித்துவிட்ட ஒரே தோள்பட்டை சேகருடையது. அதில் ஒரு கோளாறும் இல்லை.

டொரொண்டோ பஸ் ஒரு பெரிய சாலையோடு தன் எல்லையை முடித்துக்கொண்டது. அங்கிருந்து மார்க்கம் பஸ். இறங்கியபின் பன்னிரண்டு நிமிஷ நடை என்று போன் சொன்னது. ஐந்தாவது நிமிஷத்தில் நடைபாதை முடிந்துவிட்டது. பலகை இல்லை, எச்சரிக்கை இல்லை; அங்கே நடக்க ஒருத்தியும் வரமாட்டாள் என்று முடிவு செய்துவிட்டார்கள். முழங்கால் பனியில் கால் வைத்து, நல்ல செருப்பைப் பையிலும் நல்ல முகத்தை முகத்திலும் காப்பாற்றிக்கொண்டு போனேன். ஒரு கார் மெல்ல வந்து பக்கத்தில் நின்றது. சீன முகத்துடன் ஒரு வயதான அம்மாள் கண்ணாடியை இறக்கினார்.

"கார் பழுதாகிவிட்டதா?"

"இல்லை. கார் இல்லை."

குடும்பத்தில் யாரோ தவறிவிட்டார்கள் என்று சொன்னதுபோல அவர் முகம் மாறியது. ஏற்றிக்கொண்டு போய் அலுவலக வாசலிலேயே இறக்கிவிட்டார். டிரைவருக்குச் சொல்லும் பழக்கத்தில் நன்றி சொல்லிவிட்டு, போதாது என்று தோன்றி இன்னொரு தடவையும் சொன்னேன்.

மேனேஜர் என்னைவிட இளையவர். மூட்டு அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் வேலை. அரை மணி நேரம் முழங்காலைப் பற்றிப் பேசினோம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கடைசியில் அவர் என் நனைந்த காற்சட்டையைப் பார்த்தார்.

"எப்படி வந்தீர்கள்?"

"பஸ்ஸில்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு நாளைக்கு ஆறு வீடு. மார்க்கம் முழுக்க. கார் நாங்கள் தருவோம், ஒன்டாரியோ லைசென்ஸ் வேண்டும். மே மாத முதல் திங்கட்கிழமைக்குள் எடுத்துவிட்டால் இந்த இடம் உங்களுக்கு. இல்லையென்றால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவேன். எனக்கும் வேறு வழியில்லை."

பதினைந்து வருஷம் ஓட்டியவளுக்கு ஒரு லைசென்ஸ் எம்மாத்திரம் என்றுதான் திரும்பும் பஸ்ஸில் நினைத்தேன்.

தமிழ்க் கடையில் காய்கறி போடும் பெண்தான் குலம் அண்ணையின் நம்பரைக் கொடுத்தாள். "அவரிட்ட போங்கோ அக்கா. கல்லுக்கும் கார் ஓடப் பழக்கிவிடுவார்." யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குக் கார் ஓட்டுவதும் ஓடுவதுதான் என்பது எனக்குப் பழகியிருந்தது.

குலம் அண்ணைக்கு அறுபது தாண்டியிருக்கும். தலையில் ஒரு குல்லா, காரின் கூரையில் பயிற்சிப் பள்ளிப் பலகை. முதல் நாள் என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துவிட்டுக் கேட்டார்.

"கார் ஓடத் தெரியுமோ?"

"பதினஞ்சு வருஷமா ஓட்டறேண்ணே."

"அப்ப கஷ்டம்தான்." அவர் பெருமூச்சு விட்டு சீட் பெல்ட்டைப் போட்டார். "தெரியாத ஆளுக்குப் பத்து லெசன் காணும். தெரிஞ்ச ஆளுக்கு முதல் உள்ளதை மறக்கப்பண்ண வேணும்."

எனக்குக் கோபம் வந்தது. அன்று முதல் தெருவிலேயே மூன்று இடத்தில் அவர் சொன்னது சரியென்று ஆனதும் கோபம் இன்னும் கூடியது.

"கண்ணாடியைப் பார்க்கிறது காணாது, தங்கச்சி. தலை திரும்ப வேணும். திரும்பினது பக்கத்தில இருக்கிறவனுக்குத் தெரியவும் வேணும். நீங்கள் கண்ணாலை மட்டும் பார்த்தால் அவன் எப்பிடி மார்க் போடுவான்?"

மனிதக் கழுத்து எவ்வளவு திரும்பும் என்பது என் தொழில். இரண்டு பக்கமும் கடைசி அங்குலம் வரை திருப்பிக் காட்டினேன். மாலையில் சேகரிடம் எண்ணெய் தேய்த்துவிடச் சொல்ல வேண்டியிருந்தது.

என்னை உடைத்துப் போட்டது நான்கு பக்கமும் நிறுத்தப் பலகை வைத்த சந்தி. மதுரையில் சந்தி என்றால் யாருடைய பம்பர் முன்னால் நீட்டியிருக்கிறதோ அவருக்கு வழி. இங்கே முதலில் வந்து நின்றவருக்கு வழி. ஒருநாள் நாங்கள் நான்கு கார்களும் ஒரே நேரத்தில் வந்து நின்றுவிட்டோம். எதிர்க் காரில் இருந்தவர் கையை நீட்டி என்னைப் போகச் சொன்னார். நான் வலப்பக்கத்துப் பெண்ணைக் காட்டினேன். அவள் இடப்பக்கத்தைக் காட்டினாள். பந்தியில் நீங்கள் முதலில் உட்காருங்கள் என்று சம்பந்திகள் வற்புறுத்துவது போல அது முடிகிற வழியாக இல்லை. பொறுமையிழந்து நான் கிளம்பிய அதே நொடியில் மற்ற மூவரும் பொறுமையிழந்தார்கள். நான்கு பேரும் பிரேக் அடித்து மறுபடியும் கைகாட்ட ஆரம்பித்தோம்.

"இப்ப யாருண்ணே போகணும்?"

"சட்டப்படி உங்கட வலப்பக்கம். நியாயப்படி இண்டைக்கு ஒருத்தரும் போகமாட்டினம்," என்றார் குலம் அண்ணை.

எந்தத் தெருவில் தொடங்கினாலும் வகுப்பு ஒரு யாழ்ப்பாணச் சாப்பாட்டுக் கடையின் வாகன நிறுத்தத்தில்தான் முடியும். ரிவர்ஸ் பார்க்கிங்கை அங்கேதான் பழக வேண்டும் என்பது அவர் கட்டளை. மற்ற கடைகளுக்கு முன்னாலும் கோடு போட்ட இடம் இருக்கிறதே என்று கேட்டேன். "இருக்குது. ஆனால் இஞ்சதான் பத்தரைக்கு றோல்ஸ் பொரிச்சு எடுப்பினம்," என்றார். கறிதோசை ஊரில் பிறந்த எனக்கு மட்டன் றோல்ஸைப் பற்றி முதலில் பெரிய அபிப்பிராயம் இல்லை. கடித்தபின் பேச்சு நின்றுவிட்டது. இன்னொன்று வாங்க நானே இறங்கினேன். இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வாங்கி வந்து வீட்டில் வைத்தபோது சேகர் விதிப் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தார். அந்த வீட்டில் அது பெரிய மரியாதை.

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் பக்கத்திலேயே இருந்த மையத்தில் முதல் டெஸ்ட். உயரமான ஒரு மனிதர் வந்து உட்கார்ந்தார். கழுத்தைத் திருப்பினேன், சந்தியில் மூன்று எண்ணி நின்றேன், பள்ளிக்கூட ஓரத்தில் எறும்பாக ஊர்ந்தேன். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. வலது பக்கம் திரும்பும்போது, வெள்ளைக் கோட்டுப் பாதையில் ஒரு பெரியவர் காய்கறிப் பையோடு நடந்துகொண்டிருந்தார். நான் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வண்டி வருவது தெரியாமல் திடுக்கிடுவாரே என்று ஹாரனை இரண்டு தடவை லேசாகத் தொட்டேன். தொண்டையைச் செருமுவது போல, அவ்வளவு மரியாதையாக.

பெரியவர் துள்ளினார். பையிலிருந்து ஒரு முள்ளங்கி விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். தேர்வாளர் மையத்துக்குத் திரும்பச் சொல்லி, ஃபெயில் என்று எழுதிய தாளைக் கையில் கொடுத்தார்.

வெளியே குலம் அண்ணை காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"ஹோர்ன் அடிச்சனீங்களோ?"

"லேசாத்தாண்ணே. கிராசிங்ல ஒருத்தர் நடந்துட்டு இருந்தார். நான் வர்றேன்னு தெரியட்டும்னு..."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆள் நடக்கேக்க நீங்கள் வரவே கூடாது, தங்கச்சி. பிறகென்ன அறிவிப்பு?"

லாரிகளின் முதுகிலேயே ஒலி எழுப்பச் சொல்லி எழுதிவைத்த தேசத்தில் வளர்ந்தவளுக்கு இதை எப்படி விளக்குவது? இங்கே ஹாரன் என்பது வாய்விட்டுத் திட்டுவது. நான் ஒரு பெரிய மனிதரை நடுத்தெருவில் வைத்து இரண்டு தடவை திட்டியிருக்கிறேன்.

வீட்டில் சேகர் கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னேன். "ஹாரன் எப்ப அடிக்கணும்னு அந்தப் புக்லயே இருக்கே விஜி," என்றார். அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பாலும் வாழைப்பழமும் அவரே எடுத்துக்கொண்டார்.

எங்கள் வீடு பதினான்காம் மாடி. ஜன்னலில் நின்றால் கீழே ஆறு வரிசையில் கார்கள் போவது தெரியும். அவற்றை எல்லாம் யாரோ ஓட்டிக்கொண்டு போனார்கள். அங்கே நின்று அழுதேன். வேலை கைநழுவிவிடும் என்ற பயம் ஒருபுறம். அதைவிட, நாற்பது வயதில் என்னை எங்கேயாவது கொண்டுபோய் விடுங்கள் என்று ஊரைக் கெஞ்சிக்கொண்டு நிற்கிறேனே என்பது தாங்கவில்லை. மேனேஜர் சொன்ன திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

மறுநாள் காலை குலம் அண்ணை போன் செய்தார். "அழுதனீங்களோ? எல்லாரும் அழுவினம். அடுத்த வார வெள்ளிக்கிழமை ஒஷாவாக்குப் போவம்."

"அவ்வளவு தூரம் எதுக்குண்ணே?"

"அங்க றோட்டு அகலம். சனம் குறைவு. டெஸ்ட் எடுக்கிறவையும் சாந்தமான ஆக்கள். எங்கட சனம் எல்லாம் அங்கதான் பாஸ் பண்ணுறது."

இதற்கு ஆதாரம் ஏதும் உண்டா என்று நான் கேட்கவில்லை. குழந்தை பிறக்க வேண்டுமென்றால் இன்ன கோயில், கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் இன்ன கோயில் என்று போய் வந்த குடும்பம் எங்களுடையது. லைசென்ஸுக்கு ஒஷாவா என்றால் ஒஷாவா.

வெள்ளிக்கிழமை அவரே ஹைவேயில் ஓட்டிக்கொண்டு போனார். எனக்குக் கை களைத்துவிடக் கூடாதாம். மையத்தின் வாகன நிறுத்தத்தில் நுழைந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூரையில் பலகை வைத்த ஏழு கார்கள், ஏழும் ஸ்கார்பரோவிலிருந்து வந்தவை. கூட்டமில்லாத ஊரைத் தேடி எல்லோரும் ஒரே ஊருக்கு வந்திருந்தோம். ஒரு அம்மா மகனுக்குத் திருநீறு பூசிக்கொண்டிருந்தார். யாரோ கடலை வடையை எல்லோருக்கும் நீட்டிக்கொண்டு வந்தார். பயிற்சியாளர்கள் ஒரு ஓரமாகக் கூடி, கிரகபலன் பார்ப்பதுபோலத் தேர்வாளர்களைப் பற்றிப் பேசினார்கள்.

"வெள்ளைத் தாடிக்காரர் இண்டைக்கு நிக்கிறார். அவர் எண்டால் பயமில்லை."

"எங்கட பிள்ளை ஒண்டும் புதுசா வந்திருக்காம்."

குலம் அண்ணையின் முகம் சுருங்கியது. என் பக்கம் திரும்பிச் சொன்னார். "எங்கட பிள்ளை வந்தால் கவனம், தங்கச்சி. தமிழ் ஆள் எண்டு சலுகை காட்டினது எண்ட பேர் வரக்கூடாது எண்டு, இருக்கிறதை விடக் கூடப் பிழை பார்க்கும்."

வந்தது எங்கள் பிள்ளைதான். இருபத்தைந்து வயது இருக்கும். சட்டையில் தாரணி என்று பெயர். என் பெயரைப் பிழையில்லாமல் உச்சரித்தாள். அதோடு தமிழ் முடிந்தது. ஆங்கிலத்தில் வணக்கம், ஆங்கிலத்தில் பெல்ட், ஆங்கிலத்தில் 'நான் பேசாவிட்டால் தப்பாக நினைக்க வேண்டாம்'. ஒரு சிரிப்புக்குக்கூட இடமில்லை.

நான் ஹாரன் பக்கமே கையை வைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கின் ஓரங்களில் ஒட்டிக்கொண்டு இருந்தன. கால் மணி நேரம் பிழையில்லாமல் போனது. பிறகு ஒரு பெரிய சந்தியில் இடது பக்கம் திரும்பச் சொன்னாள். பச்சை விளக்கு. சந்தியின் நடுவில் போய் நின்று, எதிரே வருகிற வண்டிகள் ஓயக் காத்திருந்தேன். எதிர்த் திசையில் இரண்டு வரிசை. உள்வரிசையில் ஒரு பெரிய பிக்கப் வண்டி வேகத்தைக் குறைத்து, முன்விளக்கை இரண்டு தடவை எனக்கு அடித்தது.

நான் அசையவில்லை. விளக்கடித்தால் என்ன பொருள் என்று எனக்கா தெரியாது? திண்டுக்கல் ரோட்டில் லாரிக்காரன் விளக்கடித்தால், நான் வருகிறேன், உயிர்மேல் ஆசை இருந்தால் அங்கேயே நில் என்று பொருள். நின்றேன். பிக்கப் நின்றேவிட்டது. மறுபடியும் விளக்கடித்தது. இவ்வளவு தூரம் மிரட்டுகிறானே, பொல்லாதவனாக இருப்பான் என்று பிரேக்கை இன்னும் அழுத்தினேன். உள்ளே இருந்தவர் கையை வேறு ஆட்டினார். திட்டுகிறார் என்று நினைத்தேன். எனக்குப் பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அந்த ஊரில் எனக்கு விழுந்த முதல் திட்டு. தாரணி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். எல்லாம் முடிந்தது, திங்கட்கிழமையும் முடிந்தது என்று மனதுக்குள் மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அப்போது பிக்கப்பின் மறைவிலிருந்து, வெளி வரிசையில், ஒரு வெள்ளை டெலிவரி வேன் சீறிக்கொண்டு வந்து சந்தியைக் கடந்தது. நான் திரும்பியிருந்தால் தாரணி உட்கார்ந்திருந்த பக்கத்தில் இடித்திருக்கும். அவள் மதிப்பெண் எழுதும் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

விளக்கு மஞ்சளானது. எல்லோரும் நின்றபின் மெல்லத் திரும்பினேன். மையத்துக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். பிறகு அவள் கேட்டாள், அதுவும் ஆங்கிலத்தில்தான்.

"அந்த பிக்கப் உங்களுக்கு வழிவிட்டு, போகச் சொல்லி விளக்கடித்தது. நீங்கள் ஏன் போகவில்லை?"

போகச் சொல்லியா? எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மனிதர் என்னை உபசரித்திருக்கிறார். நான் அவரைக் கொலைகாரனாக்கி வைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்ல வாய் எடுத்தேன். வாய் திங்கட்கிழமையை நினைத்து மூடிக்கொண்டது.

"பதினைந்து வருஷ அனுபவம்," என்றேன். அது பொய்யும் இல்லை.

அவள் எதையோ எழுதினாள். "பெரும்பாலானவர்கள் போயிருப்பார்கள். பக்கத்து வரிசை தெரியாதபோது யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. நீங்கள் பாஸ்." கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவள், திரும்பிப் பார்த்தாள். "அன்ரி, thank you," என்றாள்; ஆன்ட்டிதான், யாழ்ப்பாணத்து உச்சரிப்பில்.

குலம் அண்ணையிடம் முழுவதையும் ஒப்பித்தேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். "எங்கட ஊரிலயும் லைட் அடிச்சால் விலத்து எண்டுதான் அர்த்தம். இத்தினை வருசமா நான் ஒருத்தருக்கும் இதைச் சொல்லிக் குடுக்கேல்லை." கொஞ்ச நேரம் யோசித்தார். "நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. அனுபவம் எண்டே இருக்கட்டும்."

அங்கிருந்தே மேனேஜருக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு யூனியன்வில்லில் முதல் வீடு, இடது முழங்கால் என்றார். சேகருக்குச் சொன்னேன். "விளக்கடிச்சா போகலாம்னு புக்ல எங்கயும் இல்ல விஜி," என்றார். முதல் தடவையாக அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு மதிப்பு வந்தது.

குலம் அண்ணை சாவியை என் கையில் போட்டார். "இனி நீங்கள்தான் ஓட வேணும்."

இந்த ஊரில் ஹைவேயில் நான் ஏறியது அன்றுதான். முதல் பத்து நிமிஷம் அவர் மெர்ஜ் பண்ணுங்கோ, தோளுக்கு மேலாலை பாருங்கோ, இடைவெளி விடுங்கோ என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு கடலை வடையைச் சாப்பிட்டார். பிறகு சத்தமில்லை. திரும்பிப் பார்த்தால் குல்லாவை மூக்குவரை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு சீராக வந்தது.

இருபக்கமும் லாரிகள். நடுவில் நூறில் நான் போய்க்கொண்டிருந்தேன், யாரும் என்னைக் கொண்டுபோகவில்லை. பஸ் ஜன்னலில் துண்டு துண்டாகப் பார்த்த ஊர் முன்கண்ணாடியில் முழுசாக வந்துகொண்டிருந்தது. சந்தோஷத்தில் பலகைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். மார்க்கம் ரோடு என்று படித்தபோது அது நான் இறங்க வேண்டிய வழி என்று உறைத்தது. வலப்பக்கம் லாரி விடவில்லை. வழி கடந்து போய்விட்டது. பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

குலம் அண்ணை அசைந்தார். "எங்க நிக்கிறம்?"

"தெரியலண்ணே. நம்ம எக்ஸிட்ட விட்டுட்டேன்."

அவர் குல்லாவை உயர்த்தி வெளியே பார்த்தார். என் கைகளைப் பார்த்தார்.

"பறவாயில்லை, ஓடுங்கோ," என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.